சீர் இறங்கிய வரப்பு

எங்கள் அக்கா மாயக்காளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஏறினால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் வரை விடமாட்டாள். விளாங்குடிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்த டிராக்டரை நிறுத்தியது அவள்தான். அந்த டிராக்டர் என்னுடையது. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் கிடையாது.

இன்றைக்கு ஊரில் பதினோரு டிராக்டர் ஓடுகிறது. அடுத்தவன் வரப்பை ஏறித் தாண்டும் முன்னால் எல்லா டிரைவரும் இறங்கிப் போய் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு ஏற்ற வருகிறவர்கள் இதைப் பார்த்து, என்னப்பா உங்க ஊரில் இம்புட்டு மரியாதை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மரியாதை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது. கிளப்பியவள் அக்கா, வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அவளை அமைதியானவள், பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறுமை எல்லாம் அவளுக்குக் கிடையாது. அவளிடம் இருந்தது பிடிவாதம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

எழுபத்திரண்டில் அவள் புருஷன் தேனிப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டான். அக்கா அழுது கொண்டிருக்கவில்லை. தாலியைக் கழற்றிப் பெரியவர்கள் முன்னால் வைத்துவிட்டு, ஆறு மாதக் கைக்குழந்தை முத்துத்தாயோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் சனத்தில் இதற்கெல்லாம் ஊர் வாயைப் பிளக்காது. அடுத்து அவள் கேட்ட விஷயத்துக்குத்தான் பிளந்தது.

"அப்பா, அந்தக் களரை எனக்குக் குடுங்க" என்றாள்.

ஊரை விட்டுக் கிழக்கே இறங்கினால் முதலில் எங்கள் கிணறும் வயலும் வரும். அதை ஒட்டி ஒன்றரை ஏக்கர் களர் கிடந்தது. அதைத் தாண்டினால் தார் ரோடு. கோடையில் அந்தக் களர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தாத்தா காலத்திலிருந்து யாரும் அதில் ஏர் கட்டியது இல்லை.

அப்பா சின்னச்சாமி சிரித்தார். "அதுல எருக்கஞ்செடி மொளைக்கிறதுக்கே ரெண்டு தடவ யோசிக்கும், தாயி."

"யோசிக்கட்டும். எனக்குக் குடுங்க."

மறுவருஷம் அவள் பேரில் எழுதிக் கொடுத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு நிலம் எழுத எந்தத் தம்பி கையெழுத்துப் போடுவான், காசிமாயனுக்குத் தங்கமான மனசு என்று ஊர் பேசியது. தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. களர்தானே, போனால் போகிறது என்று நினைத்தேன்.

அப்புறம் ஆறு கோடை. கண்மாய் வற்றியதும் அடியில் படியும் கரம்பை மண்ணை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் மாட்டுவண்டியில் அள்ளினார்கள். அக்காவிடம் வண்டி இல்லை, மாடும் இல்லை. காலையில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடுவாள், களை எடுப்பாள். வெயில் தாழ்ந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போவாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் கூடை, கூடை நிறையக் கரம்பை. கொட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். உப்பைச் சுரண்டி எடுத்தாள். ஆவாரையும் எருக்கும் வேப்பங்குழையும் ஒடித்து வந்து தண்ணீரில் மிதித்தாள். தார் ரோட்டை ஒட்டி நிலத்தின் கிழக்கு மூலையில் ஓட்டு வீடு ஒன்றும் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் வருஷம் கேழ்வரகு வந்தது. ஆறாம் வருஷம் நெல் வந்தது. அந்த நெல்லை அறுக்கும்போது அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. அடுத்த ஆடியில் அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகும் நான் அந்த இடத்தைக் களர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே நெல் விளைந்து நிற்கும், என் வாயில் களர் என்றுதான் வரும். பழக்கம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பொறாமை என்று இப்போது சொல்கிறேன்.

எழுபத்தொன்பதில் டிராக்டர் வந்தது. சிவப்பு நிறம், பின்னால் டிரெய்லர். கண்மாய்க்குள் ஓட்டித்தான் பழகினேன். ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். மாட்டுக்கு ஒரு தயக்கம் உண்டு, வரப்பைக் கண்டால் நிற்கும், சேற்றைக் கண்டால் முகரும். டிராக்டருக்கு அதெல்லாம் இல்லை. கிளட்சை விட்டால் ஏறும், இறங்கும், போய்க்கொண்டே இருக்கும். ரோடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த காலம் போய், நான் போகிற இடமெல்லாம் ரோடு என்று ஆகிவிட்டது. முப்பது வயதில் ஒருத்தனுக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தால் அவனிடம் பேச முடியாது.

விளாங்குடிப் பக்கம் வீடுகள் முளைக்கத் தொடங்கிய நேரம் அது. ஊருக்கு மேற்கே இருந்த சூளையிலிருந்து செங்கல் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்குவேன். ஊர் வண்டிப்பாதை கண்மாய்க் கரை வழியாகச் சுற்றித் தார் ரோட்டுக்குப் போகும். பாரத்தோடு முக்கால் மணி நேரம். என் வயல் வழியாக இறங்கி அக்காவின் நிலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிஷம். தை அறுப்பு முடிந்ததும் வரப்பை உடைத்து ஏற்றினேன். தினம் ஆறு நடை, ஏழு நடை.

அக்கா மறித்துக்கொண்டு வந்தாள். "காசி, வண்டியக் கரை வழியா ஓட்டு."

"அறுத்த வயல்தானக்கா. ஊரே போகுது."

"ஊரு நடந்து போகுது, மாட்டுவண்டி போகுது. நீ ரோடு போடுற."

"எம் வண்டி, எம் டீசலு. ஒனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கா? ஆனியில கலப்பையக் கொண்டாந்து நீ ஓட்டுன எடத்துல வச்சுப் பாரு, தெரியும்."

நான் வைத்துப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள். டயர் ஓடிய தடத்தில் கலப்பையின் கொழு இறங்கவே இல்லை. அந்த வருஷம் அவள் நெல் இரண்டு பக்கமும் இடுப்பளவு நின்றது, நடுவில் எட்டடி அகலத்துக்கு முழங்கால்கூட இல்லை. நான் வரப்பில் நின்று, "என்னக்கா, வயலுக்கு வகிடு எடுத்து விட்டிருக்க" என்று கேலி செய்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு வருஷம் அவள் கூடையில் சுமந்த மண்ணை ஒரு பருவத்தில் இறுக்கிப் போட்டுவிட்டு, அதைக் கேலியும் பேசினேன்.

மறுவருஷம் தை அறுப்பு முடிந்த மூன்றாம் நாளே அவள் வாடகைக்கு ஏர் பிடித்து நிலத்தை உழுது போட்டாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அறுத்த வயல் எல்லாருக்கும் வழி, ஆடு மாடு மேயலாம், வண்டி போகலாம். ஏர் பட்டுவிட்டால் வழி அடைபட்டது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, வேலியும் போட வேண்டியதில்லை. மாட்டுவண்டிச் சக்கரம் உழுத மண்ணில் புதைந்துபோகும், அதனால் எவனும் இறங்க மாட்டான். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் உழவையே வேலியாக வைத்துத்தான் காலம் தள்ளினார்கள்.

டிராக்டர் புதையவில்லை. அது உழுத மண்ணுக்கென்றே செய்த வண்டி. நான் பாட்டுக்குப் போனேன். ஊர் வாயை மூடிக்கொண்டு பார்த்தது. இந்த வேலி இனிமேல் செல்லாது என்பதை அன்று எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அக்கா கூட்டம் கூட்டினாள். கோயில் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் எங்கள் தவசி பெரியப்பா. "அறுத்த வயலு பொதுன்னுறது தாத்தன் காலத்து வழக்கம், ஆத்தா" என்றார்.

"தாத்தன் காலத்துல உழுத வயல்ல எவன் வண்டியாச்சும் போயிருக்கா, பெரியப்பா?"

அவர் மீசையைத் தடவினார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். கடைசியில், "தம்பிகாரன்தான? ஒனக்கு அவன விட்டா யாரு இருக்கா? கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போ" என்று முடித்தார். கூட்டம் கலையும்போது ஒருவன், பொம்பளைக்கு எதுக்குய்யா நிலம் என்றான். அவள் காதில் விழும்படிதான் சொன்னான்.

அன்றோடு அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரு வருஷம். என் மனைவி அன்னக்கொடி மட்டும் குழம்பு கொடுக்கிறேன், கீரை வாங்கப் போகிறேன் என்று அந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டு மாசியில் ஒருநாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு. முத்துத்தாய்க்குப் பத்து வயது. அப்பா இறந்தது, மழை பொய்த்தது என்று தள்ளித் தள்ளிப் போன காதுகுத்தைப் பங்குனியில் வைத்திருந்தாள். பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் தாய்மாமனை அழைக்காமல் காதுகுத்து கிடையாது. பிள்ளை மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் சீர் கொண்டு வந்து இறக்க வேண்டும்.

"வந்து நின்னு செய்யி" என்றாள். அவ்வளவுதான். தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் தட்டை வாங்கிய கையோடு கணக்குப் போட்டேன். தவசி பெரியப்பாவும் அதையே சொன்னார். "மாப்ள, மாமன் சீரை மறிக்கிற பொம்பள பூமியில கெடையாது. டிராக்டர்ல சீரை ஏத்தி நேரா அவ நெலத்துக்குள்ள விடு. மேளதாளத்தோட ஊரே பாத்ததுக்கப்புறம் பாதை இல்லைன்னு எவ சொல்லுவா?" அவருக்கு உற்சாகம் வந்தால் மகன் முறைக்காரனைக்கூட மாப்ள என்பார்.

எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. மறித்தால் தம்பி சீரைத் தள்ளினாள் என்று அவள் பெயர் கெடும். விட்டால் பாதை எனக்கு. எட்டடிப் பாதை விழுந்தால் ஒன்றரை ஏக்கர் இரண்டு துண்டாகும். துண்டான நிலத்தை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வாள் என்றும் யோசித்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பங்குனியில் காதுகுத்து அன்று டிராக்டருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, டிரெய்லரின் நான்கு மூலையிலும் வாழை கட்டினேன். சீர் தட்டு இருபத்தொன்று. பட்டுப்பாவாடை, வளையல், பழம், வெல்லம், அரிசிக் கூடை, கொம்பில் பூச்சுற்றிய கிடாய் ஒன்று. பெண்கள் தட்டோடு டிரெய்லரில் உட்கார்ந்தார்கள், ஓரமாகத் தவசி பெரியப்பாவும். முன்னால் மேளம். டிரைவர் பேயாண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டேன். அன்னக்கொடியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வயலைத் தாண்டி அக்காவின் எல்லை வரப்பு வந்தது. பேயாண்டி பிரேக்கில் காலை வைத்தான்.

இரண்டு வருஷமாக என் டயர் உடைத்த இடத்தில் வரப்பு புதிதாக மண் அணைத்து உயர்ந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் நட்டு, நடுவில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்துக்குக் கீழே கோலம். அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் இரண்டு பேர் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அக்கா, கையில் மாலையும் சந்தனக் கிண்ணமும். தோரணத்துக்கு அந்தப் பக்கம் நிலம் முழுக்க அன்று காலையில் ஏர் பட்ட புது மண். வீடும் சாப்பாட்டுப் பந்தலும் இருநூறு அடி தள்ளி ரோட்டோரம் தெரிந்தது. பந்தலின் வாசலை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து தன் எல்லையில் வைத்துவிட்டாள்.

மேளம் நின்றது. பந்தல் வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி நுழைகிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆரத்தியைப் பார்த்த பிறகு மாமன் இறங்கியே ஆக வேண்டும். அவள் சீரை மறிக்கவில்லை. ஊருக்கே தெரிகிற மாதிரி, மாலை மரியாதையோடு வரவேற்றாள்.

நான் மட்கார்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று உண்மையாகவே தெரியவில்லை. தவசி பெரியப்பா டிரெய்லரிலிருந்து கழுத்தை நீட்டி, "ஏத்தா, வீடு அங்க இருக்கு, வாசல இங்க வச்சிருக்க?" என்றார்.

"எம் வாசலு இங்கருந்துதான் பெரியப்பா ஆரம்பிக்குது."

"அம்புட்டு தூரம் சீரைச் சொமக்கணுமே, ஆத்தா."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். "இந்த மண்ணு முச்சூடும் தலையில வந்த மண்ணு, தம்பி. சீரும் தலையில வரட்டும்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

யாரோ ஒரு கிழவி டிரெய்லரிலிருந்து, "சரியாத்தான சொல்லுறா" என்று முனகினாள். அதற்குள் அன்னக்கொடி தட்டோடு கீழே குதித்துவிட்டாள். வரப்பில் வாசல் வைக்கும் விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெரியுமா என்று இன்றுவரை கேட்கிறேன். இன்றுவரை பதில் இல்லை.

நான் இறங்கினேன். செருப்பைக் கழற்றிப் போட்டேன். ஆரத்தி சுற்றினார்கள், நெற்றியில் பொட்டு வைத்தார்கள். அக்கா மாலை போட்டாள். அரிசிக் கூடை மட்டும் தூக்க ஆளில்லாமல் டிரெய்லரில் இருந்தது. கூட வந்த ஆண்கள் எல்லாம் வேட்டி கசங்குமே என்று தள்ளி நின்றார்கள். நானே கையை வைத்தேன். அக்கா தன் தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்து நான்கு முறுக்கு முறுக்கிச் சும்மாடாக்கி என் தலையில் வைத்தாள். கூடையை அவளும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டாள்.

வயலோரமாக ஒரு முழ அகல வரப்பு ஒன்றுதான் வழி. தவில்காரர் தவிலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நடந்தார். கிடாய் இரண்டு தடவை வயலுக்குள் இறங்கி, இரண்டு தடவையும் இழுத்து ஏற்றப்பட்டது. தவசி பெரியப்பா ஒவ்வோர் அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தார். இருபத்தொரு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வரப்பில் போனது. மொத்தமாகக் கும்பலாகப் போயிருந்தால் அந்தச் சீர் அவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்காது. தார் ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

எனக்குக் கழுத்து வலித்தது. இருநூறு அடியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். கண்மாயிலிருந்து இந்த இடத்துக்கு எத்தனை அடி என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே கிடையாது. ஆறு கோடை. கூடைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் எனக்குக் கண்ணீர் வந்தது. கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், பெருமையாகவும் இருந்தது. இவள் எங்கள் அக்கா, இந்த ஊரில் இப்படி ஒருத்தி எவன் வீட்டிலும் இல்லை என்று.

முத்துத்தாய் என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் என் கையைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

பந்தியில் உட்கார்ந்தோம். அக்கா கறிச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அப்போது பேயாண்டி வரப்பில் ஓடி வந்து பந்தல் ஓரமாக நின்றான். ரேடியோ செட்காரர் பாட்டு நிறுத்தி இசைத்தட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம், அதனால் பந்தி முழுக்கக் கேட்டது.

"அண்ணே, பெரியாளுக எல்லாம் திரும்ப நடக்க முடியாதுங்கிறாக. சீருதான் எறங்கிருச்சே. களரு வழியா வண்டிய எடுத்தாந்துரவா?"

எல்லா இலையிலும் கை நின்றது. தவசி பெரியப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. அக்கா இரண்டு இலை தள்ளி நின்றாள். தலையைத் தூக்கவில்லை.

"களரா? அது எங்கடா இருக்கு?" என்றேன்.

பேயாண்டி முழித்தான். வயலைக் கை நீட்டிக் காட்டினான்.

"அது எங்க அக்கா வயலு. வண்டியக் கண்மாய்க் கரை வழியாச் சுத்தி ரோட்டுக்குக் கொண்டா."

அக்கா என் இலைக்கு வந்தாள். கரண்டி நிறையக் கறி வைத்தாள். இன்னொரு கரண்டி வைத்தாள். மூன்றாவது வைக்கும்போது குழம்பு என் வேட்டியில் சிந்தியது. நான் துடைக்கவில்லை.

பேயாண்டி சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அக்கா வீட்டுப் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.